மணமானவரா, மணமாகாதவரா? வெளிநாட்டில் காகிதத்தில் காட்டுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் திருமணம், குடும்ப விசா, வீடு வாங்குதல், ஓய்வூதியம் என எதற்குப் போனாலும் ‘உங்கள் திருமண நிலைக்கு ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வி வந்து நிற்கிறது. அதைச் சுற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் நாட்டிலேயே திருமணம் செய்துகொள்ளப் போகிறேன். ‘மணமாகாதவர் என்று உங்கள் நாட்டிலிருந்து சான்றிதழ் கொண்டு வாருங்கள்’ என்கிறார்கள் இங்கே. அங்கே கேட்டால் ‘அப்படி ஒரு சான்றிதழே நாங்கள் தருவதில்லை’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். இரண்டு நாடுகளும் திருமணத்தைப் பதிந்து வைக்கும் முறை வேறு வேறு என்பதால் வருகிற சிக்கல் இது.

சில நாடுகளில் குடும்பத்துக்கோ ஆளுக்கோ ஒரு பதிவேடு உண்டு. ஜப்பானில் கொசெகி என்ற குடும்பப் பதிவேட்டில் பிறப்பு, திருமணம், விவாகரத்து, இறப்பு எல்லாம் ஏறும். அதன் நகலை வாங்கினால் ஒருவர் மணமானவரா என்பது தெரிந்துவிடும். தென் கொரியாவில் 2008 முதல் ஆள் வாரியாகப் பதிவு. ‘திருமண உறவுச் சான்றிதழ்’ என்றே ஒன்று அங்கே கிடைக்கும். அதில் விரிவான வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வகையில் முடிந்துபோன பழைய திருமணம் தெரியாது. கேட்கும் அலுவலகம் அதற்காகவே திருப்பி அனுப்பும்.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் கதை வேறு. அங்கே திருமணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பதிவில் ஏறுகிறது. உங்கள் பெயருக்கென்று ஒரு பக்கம் எங்கேயும் கிடையாது. ஆகவே ‘இவர் மணமாகாதவர்’ என்று அறுதியிட்டுச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது. அதற்குப் பதிலாக மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, பதிவேட்டில் தேடிப் பார்த்துத் தரும் சான்று. ‘இந்தப் பெயரில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, எங்கள் பதிவேட்டில் திருமணம் எதுவும் இல்லை’ என்பதே அதன் வாசகம். பிலிப்பைன்ஸில் செனோமார் என்று சொல்வது இதைத்தான். அங்கே அரசின் புள்ளியியல் ஆணையம் நாடு முழுமைக்குமான பதிவில் தேடித் தருகிறது. அமெரிக்காவிலோ மாநிலம் அல்லது கவுன்ட்டி வாரியாகத்தான் தேட முடியும். நீங்கள் மூன்று மாநிலங்களில் வசித்திருந்தால், கேட்கும் அலுவலகம் மூன்று சான்றுகளையும் எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது, அறிவிப்பு ஒட்டித் தரும் தடையின்மைச் சான்றிதழ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வசிக்கும் குடிமக்கள், உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் திருமண அறிவிப்பு கொடுக்க வேண்டும். 28 நாட்கள் அது பார்வைக்கு இருக்கும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் சான்றிதழ் வரும்.

மூன்றாவது, நீங்களே உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடும் பிரமாணப் பத்திரம், அதாவது அஃபிடவிட். அமெரிக்கர்களுக்கு நடைமுறையில் பெரும்பாலும் இதுதான். கனடா ஒரு படி மேலே போய், ‘இப்படி ஒரு சான்றிதழை நாங்கள் தருவதில்லை’ என்று விளக்கி, அதற்கு ஈடான ஓர் அறிக்கையையே அரசுத் தாளில் கொடுக்கிறது. உறுதிமொழிப் பத்திரத்துடன் அதையும் சேர்த்துக் கொடுத்தால் பல பதிவாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

நாடு சான்றிதழ் தராவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சில நாட்டுச் சட்டங்களிலேயே வழி உண்டு. ஜெர்மனியில் திருமணம் செய்யும் வெளிநாட்டவர், தன் நாட்டிலிருந்து திருமணத் தகுதிச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 1309-ஆவது பிரிவு. அதைத் தராத நாட்டினருக்கு மாநில மேல் நீதிமன்றத் தலைவர் விலக்கு அளிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. விலக்கு 6 மாதம் செல்லும். மனுவைப் பதிவு அலுவலகமே தயாரித்து அனுப்பும். நீங்கள் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை.

ஆகவே ‘சான்றிதழ் கிடைக்காது’ என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். ‘என் நாடு இதைத் தருவதில்லை. இதற்கு ஈடாக எதை ஏற்பீர்கள்?’ என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலில் ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: ஆவணத்தின் பெயர், அதைத் தர வேண்டியவர், எத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், அப்போஸ்டிலோ (ஆவணத்திலுள்ள கையெழுத்தை உறுதிசெய்யும் தாள், கீழே விளக்கியிருக்கிறோம்) தூதரக முத்திரையோ தேவையா, மொழிபெயர்ப்பை யார் செய்ய வேண்டும். ஆவணத்தை வாங்குகிற அலுவலகம் என்ன கேட்கிறது என்பதிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். தருகிற அலுவலகத்திலிருந்து தொடங்குகிறவர்கள் இரண்டு தடவை அலைகிறார்கள்.

கேள்வி: பதிவேட்டுத் தேடல் சான்று வாங்கினேன். ‘போதாது’ என்று திருப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

பெரும்பாலும் தேடிய காலம்தான் காரணமாக இருக்கும். உங்கள் நாட்டுச் சட்டப்படி திருமணம் செய்யக்கூடிய வயது என்று வந்ததோ, அன்றிலிருந்து சான்று வாங்கும் நாள் வரை இடைவெளி இல்லாமல் தேடியிருக்க வேண்டும். கடைசி 10 வருடத்துக்கு மட்டும் தேடியிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு விடை இல்லை. அடுத்து, பெயர். பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயரிலும் தேடச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மணமாகி விவாகரத்து ஆனவருக்குப் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வரவே வராது. அவருக்குப் பழைய திருமணத்தைக் காட்டும் பதிவும், அது முடிந்ததற்கான ஆவணமும்தான் வேண்டும்.

கேள்வி: அஃபிடவிட்டில் என்னென்ன எழுத வேண்டும்? ‘நான் மணமாகாதவன்’ என்று ஒரு வரி போதாதா?

போதாது. அந்த ஒரு வரியிலேயே பிழையும் நுழையலாம். ‘இதுவரை திருமணமே செய்யாதவர்’ என்பதும் ‘இப்போது திருமண பந்தத்தில் இல்லாதவர்’ என்பதும் ஒன்றல்ல. விவாகரத்தானவர் தன்னை ‘மணமாகாதவர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் பழைய திருமணம் தெரியவரும்போது, அந்த ஒரு சொல் முழு விண்ணப்பத்தையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும். பிரிந்து வாழ்கிறவர் சட்டப்படி மணமானவர்தான். எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் அதில் மாற்றமில்லை.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை இவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், பாஸ்போர்ட் எண், பெற்றோர் பெயர்கள், தற்போதைய முகவரி. பிறகு திருமண நிலை. விவாகரத்தானவர் என்றால் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், இறுதித் தீர்ப்புத் தேதி. துணையை இழந்தவர் என்றால் இறந்த தேதியும் இடமும். அடுத்து மணக்கப்போகிறவரின் முழுப் பெயர், நாட்டுரிமை, பாஸ்போர்ட் எண். கடைசியில் முக்கியமான வாசகம். இப்படி இருக்கலாம்:

‘எனக்கும் மேற்கண்ட நபருக்கும் இடையே நடைபெறவுள்ள திருமணத்துக்கு, என் நாட்டுச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்பதை அறிவேன். எங்களுக்குள் சட்டம் விலக்கிய உறவுமுறை எதுவும் இல்லை. நான் வேறு எவருடனும் திருமண பந்தத்திலோ பதிவு செய்த துணைவர் உறவிலோ இல்லை.’

மாதங்களை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4.

கையெழுத்தை வீட்டிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நோட்டரியோ தூதரக அதிகாரியோ பார்க்கும்போதுதான் போட வேண்டும். அவர் சான்றளிப்பது நீங்கள் தன் முன்னிலையில் உறுதிமொழி எடுத்ததற்குத்தான். எழுதியிருப்பது உண்மையா என்பதற்கு அவர் பொறுப்பல்ல.

கேள்வி: அப்போஸ்டில் என்றால் என்ன? தூதரகத்தில் சீல் வாங்குவதும் அதுவும் ஒன்றா? என் திருமணச் சான்றிதழுக்கு எது தேவை?

ஒன்றல்ல. இங்கேதான் அதிகப் பணமும் நேரமும் வீணாகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒரு நாட்டுப் பதிவாளரின் கையெழுத்து உண்மையானதா என்று இன்னொரு நாட்டு அலுவலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் உள்ளூர் அதிகாரி, வெளியுறவு அமைச்சகம், கடைசியாகப் போகும் நாட்டின் தூதரகம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சான்றொப்பம் வாங்க வேண்டியிருந்தது. 1961 அக்டோபர் 5 அன்று கையெழுத்தான ஹேக் உடன்படிக்கை இந்தச் சங்கிலியை ஒரே தாளாகச் சுருக்கியது. அந்தத் தாள்தான் அப்போஸ்டில். 120-க்கும் அதிகமான நாடுகள் இதில் இருக்கின்றன. சவூதி அரேபியாவுக்கு 2022 டிசம்பர் 7 முதலும், சீனாவுக்கு 2023 நவம்பர் 7 முதலும், கனடாவுக்கு 2024 ஜனவரி 11 முதலும் இது நடைமுறைக்கு வந்தது. பழைய குறிப்புகளை நம்பி இந்த நாடுகளுக்கு இன்னமும் தூதரகச் சான்றொப்பத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதுர வடிவம், பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர். எந்த நாட்டில் கொடுத்தாலும் தலைப்பு மட்டும் பிரெஞ்சு மொழியில் இருக்கும். கீழே 1 முதல் 10 வரை எண்ணிட்ட வரிகள்: நாடு, ஆவணத்தில் கையெழுத்திட்டவர், அவருடைய பதவி, ஆவணத்தில் உள்ள முத்திரை யாருடையது, சான்றளித்த இடம், தேதி, சான்றளித்த அதிகாரி, வரிசை எண், அவருடைய முத்திரை, கையெழுத்து. இரண்டாவது வரியில் உள்ள பெயரும் உங்கள் சான்றிதழில் கையெழுத்திட்டவரின் பெயரும் ஒன்றுதானா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். எட்டாவது வரி எண்ணை வைத்துத்தான் வெளிநாட்டு அலுவலகம் சரிபார்க்கும்.

இந்தத் தாள் கையெழுத்தையும் பதவியையும் முத்திரையையும் மட்டுமே உறுதிசெய்கிறது. சான்றிதழில் உள்ள விவரம் சரி என்று அது சொல்வதில்லை. பெயரில் எழுத்துப்பிழை உள்ள சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்கினால், முத்திரையிட்ட எழுத்துப்பிழைதான் மிஞ்சும். முதலில் திருத்தம், பிறகு அப்போஸ்டில்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள் சில. அப்போஸ்டிலை ஆவணம் பிறந்த நாட்டில்தான் வாங்க முடியும். நீங்கள் வசிக்கும் நாட்டிலோ போகப்போகும் நாட்டிலோ அல்ல. அமெரிக்காவில் மாநில ஆவணத்துக்கு அந்தந்த மாநிலச் செயலர் அலுவலகம். டெக்சாஸ் சான்றிதழுக்கு நியூயார்க்கில் கொடுக்க மாட்டார்கள். சான்றிதழ் மிகப் பழையது என்றால் அதில் கையெழுத்திட்டவரின் மாதிரிக் கையெழுத்து அலுவலகத்தில் இல்லாமல் போகலாம். இப்போதைய அதிகாரி கையெழுத்திட்ட புது நகலை வாங்கிக்கொள்வதே வழி. லாமினேட் செய்த சான்றிதழை வாங்க மறுப்பார்கள். ஒரிஜினலை விட்டுவிட்டு நோட்டரி சான்றளித்த ஜெராக்ஸில் அப்போஸ்டில் வாங்கினால், அது நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் ஆகும், பதிவாளருடையதுக்கு ஆகாது. பல அலுவலகங்கள் இதை ஏற்பதில்லை.

ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாதீர்கள். ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கும் என்று அப்போஸ்டிலைச் சான்றிதழிலிருந்து பிரித்து, திரும்பவும் பின் அடித்தால், இரண்டு ஜோடி ஓட்டை தெரியும். மாற்றிச் சேர்த்ததாகச் சந்தேகம் வரும். மடக்கி வைத்தே ஸ்கேன் எடுங்கள். மின்னணு அப்போஸ்டில் என்றால் கோப்பாகவே அனுப்ப வேண்டும். அச்சடித்தால் அதிலுள்ள மின் கையெழுத்து அந்தத் தாளுக்கு வராது.

உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்தாலே போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு நாடு புதிதாகச் சேரும்போது மற்றொரு நாடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்படியானால் அந்த இரண்டுக்கும் இடையே அப்போஸ்டில் செல்லாது. இந்தியா 2005-இல் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. அதனால் இந்தியத் திருமணச் சான்றிதழ் ஜெர்மானிய அலுவலகத்துக்குப் போகும்போது, அப்போஸ்டிலுக்குப் பதிலாகத் தூதரகம் வழியாக ஆவணச் சரிபார்ப்பு நடக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஹேக் மாநாட்டு அமைப்பின் நாட்டுப் பட்டியலில் ஆட்சேபங்களும் குறிக்கப்பட்டிருக்கும். பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் அதையும் பாருங்கள்.

இன்னொரு விதிவிலக்கு பலருக்குத் தெரியாது. தூதரகம் கொடுக்கும் ஆவணத்துக்கு அப்போஸ்டில் கிடையாது. உடன்படிக்கையின் முதல் பிரிவே அதை ஒதுக்கிவைக்கிறது. இத்தாலியில் உங்கள் தூதரகத்திடம் ‘நுல்லா ஒஸ்தா’ என்ற தடையின்மைச் சான்று வாங்கினால், அதைப் பொதுவாக அங்குள்ள பிரெஃபெத்தூரா என்ற அரசு அலுவலகத்தில் சான்றொப்பமிட வேண்டும். தாய்லாந்தில் தூதரகத்தின் உறுதிமொழியைத் தாய் மொழியில் பெயர்த்து அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு என்றால் வேலை எளிது. 2019 பிப்ரவரி 16 முதல் பிறப்பு, திருமணம், திருமண நிலைச் சான்றுகளுக்கு அவர்களுக்குள் அப்போஸ்டில் கேட்கக் கூடாது. பன்மொழிப் படிவம் ஒன்றையும் சேர்த்து வாங்கினால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பும் தேவைப்படாது. அந்தப் படிவம் தனியாகச் செல்லாது, சான்றிதழோடு சேர்ந்தே செல்லும்.

மொழிபெயர்ப்பு எப்போது? பொதுவாக அப்போஸ்டில் வாங்கிய பிறகு. சான்றிதழ், அப்போஸ்டில் இரண்டையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் தனிப் பட்டியலில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் செய்து எடுத்துப் போவதைவிட அங்கே செய்துகொள்வது பாதுகாப்பு. ஒருவேளை மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கும் தனி அப்போஸ்டில் கேட்டால், ஆரம்பத்திலேயே கணக்கில் வையுங்கள்.

கேள்வி: வழிபாட்டுத் தலத்தில் கொடுத்த திருமணச் சான்றிதழ் இருக்கிறது. துணைவர் விசாவுக்கு அது போதுமா?

பல நாடுகளில் போதாது. அது அரசு ஆவணம் அல்ல என்றால் அதற்கு நேரடியாக அப்போஸ்டில் கிடைக்காது. அரசுப் பதிவேட்டில் அந்தத் திருமணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால், தாமதப் பதிவுக்கு உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டு முதலில் அதை முடியுங்கள். தாமதப் பதிவுச் சான்றிதழில் திருமணம் நடந்த தேதி, பதிவான தேதி என இரண்டு தேதிகள் இருக்கும். விசா படிவத்தில் நடந்த தேதியை எழுதுங்கள். பதிவுத் தேதியை எழுதிவிட்டு, முன்பு வேறு விண்ணப்பத்தில் நடந்த தேதியைக் கொடுத்திருந்தால் முரண்பாடாகத் தெரியும்.

கேள்வி: எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது. தீர்ப்பு நகலும் இருக்கிறது. ஆனாலும் மறுமணத்துக்கு அனுமதிக்க மறுக்கிறார்கள். ஏன்?

முதலில் கையில் இருப்பது இறுதித் தீர்ப்புதானா என்று பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்கள் இரண்டு கட்டமாக உத்தரவிடுகின்றன. 2022 ஏப்ரல் 6 முதல் தாக்கலான வழக்குகளில் முதல் கட்டத்துக்கு ‘கண்டிஷனல் ஆர்டர்’, இரண்டாவதுக்கு ‘ஃபைனல் ஆர்டர்’ என்று பெயர். அதற்கு முந்தைய வழக்குகளில் ‘டிக்ரீ நைசை’, ‘டிக்ரீ அப்சொல்யூட்’. முதல் கட்டத்தை மட்டும் வைத்திருப்பவர் சட்டப்படி இன்னும் மணமானவர். வேறு நாடுகளிலும் மேல்முறையீட்டுக் கெடு முடிந்து தீர்ப்பு இறுதியாகிவிட்டது என்ற குறிப்பையோ தனிச் சான்றையோ கேட்பார்கள். தீர்ப்பு நகலில் அது இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் கேட்டு வாங்குங்கள்.

தீர்ப்பு இறுதியானதுதான் என்றால், அடுத்த சந்தேகம் அங்கீகாரம். ஒரு நாட்டு விவாகரத்தை இன்னொரு நாடு தானாகவே ஏற்க வேண்டும் என்ற பொது விதி உலகத்தில் கிடையாது. டென்மார்க் நீங்கலாக ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தங்களுக்குள் தானாக ஏற்கின்றன. 2022 ஆகஸ்ட் 1-லிருந்து தொடங்கிய வழக்குகளுக்கு அதற்கான சான்றிதழைத் தீர்ப்பளித்த நாட்டிலேயே கேட்டு வாங்கலாம். ஒன்றியத்துக்கு வெளியே நடந்த விவாகரத்தை ஜெர்மனியில் மாநில நீதித்துறை நிர்வாகம் தனியாக அங்கீகரிக்க வேண்டும். இருவருமே தீர்ப்பளித்த நாட்டின் குடிமக்களாக இருந்தால் மட்டும் அது தேவையில்லை. பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு விவாகரத்து உள்ளூர்ப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் அந்நாட்டு நீதிமன்றம் அதை அங்கீகரித்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட அங்கீகாரம் நிலுவையில் இருக்கும்போது திருமணத் தேதி குறிப்பது நல்லதல்ல. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போவதுதான் மிச்சம்.

நீதிமன்றமே இல்லாத விவாகரத்தும் உண்டு. ஜப்பானில் இருவரும் சம்மதித்தால் நகராட்சி அலுவலகத்தில் படிவம் கொடுத்துப் பிரியலாம். அங்கே பிரிந்தவரிடம் தீர்ப்பு நகல் கேட்டால் தர முடியாது. விவாகரத்து அறிவிப்பை ஏற்றுக்கொண்டதற்கான நகராட்சிச் சான்றும், அது ஏறிய கொசெகி நகலும்தான் ஆதாரம். அதை விளக்கும் ஒரு கடிதத்தைத் தூதரகத்திடமோ வழக்கறிஞரிடமோ வாங்கிச் சேருங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், திருமணச் சான்றிதழில் தலைப்பெழுத்துடன் வேறு மாதிரி, பட்டச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். எல்லாம் நான்தான் என்று எப்படிக் காட்டுவது?

பாஸ்போர்ட்டை மூலமாக வைத்து, மற்ற ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குப் போவதற்கு ஓர் ஆவணம் இருக்க வேண்டும்: திருமணத்தால் மாறியது என்றால் திருமணச் சான்றிதழ், சட்டப்படி மாற்றியது என்றால் பெயர்மாற்ற ஆவணம். மறுமணம் செய்தவருக்கு முதல் திருமணச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, இரண்டாம் திருமணச் சான்றிதழ் எல்லாமே அந்தச் சங்கிலியில் வளையங்கள். நடுவில் ஒன்று இல்லாவிட்டாலும் அறுந்துவிடும்.

எழுத்துக்கூட்டல் வித்தியாசம் மட்டும்தான் என்றால், ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை’ என்ற அஃபிடவிட் சில இடங்களில் போதும். பிறந்த தேதியோ பெற்றோர் பெயரோ மாறியிருந்தால் அஃபிடவிட் உதவாது, ஆவணத்தையே திருத்த வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடமும் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, அதில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரான்ஸில் வீடு வாங்குகிறேன். நோட்டேர் (சொத்துப் பத்திரத்தை எழுதிப் பதியும் சட்ட அலுவலர்) என் திருமணச் சான்றிதழைக் கேட்கிறார். நான் மட்டும்தானே வாங்குகிறேன், மனைவிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற நாடுகளில் திருமணத்தோடு ஒரு சொத்து ஏற்பாடும் வந்துவிடுகிறது. பிரெஞ்சுச் சட்டப்படி, 1966 பிப்ரவரி 1 முதல், வேறு ஒப்பந்தம் இல்லாத தம்பதியர் திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்குவது இருவருக்கும் பொதுச் சொத்து. நீங்கள் தனியாகக் கையெழுத்திட்டாலும் வீடு பாதி மனைவியுடையதா என்பது நோட்டேருக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்களுக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது எப்போது, எங்கே மணமானது, அதன் பிறகு முதலில் எங்கே சேர்ந்து குடியிருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 2019 ஜனவரி 29 அன்றோ அதற்குப் பிறகோ மணமானவர்கள் தங்களுக்கென்று ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால், முதலில் சேர்ந்து குடியிருந்த நாட்டின் சட்டம்தான் பொதுவாகப் பொருந்தும். பிரான்ஸ் உள்ளிட்ட 18 ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் விதி இது. ஆகவே சான்றிதழோடு, திருமணத்துக்குப் பிறகு முதலில் வசித்த முகவரிக்கான ஆதாரம், திருமண ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். உங்கள் சட்டம் சொத்தைத் தனித்தனியாக வைக்கிறது என்றால், அந்நாட்டு வழக்கறிஞர் தரும் சட்ட விளக்கச் சான்றையும் அவர் கேட்கலாம்.

கேள்வி: நாங்கள் மணம் செய்துகொள்ளவில்லை, சேர்ந்து வாழ்கிறோம். துணைவர் என்று காட்ட முடியுமா?

நாட்டைப் பொறுத்தது. கனடாவுக்கு 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் பொதுவாக 12 மாத உறவைக் கேட்கிறது, பதிவு செய்த உறவு என்றால் அது தளரும். பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், 2 வருட உறவு வேண்டும், ஆனால் அந்த 2 வருடமும் ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டியதில்லை என்று மாற்றிக்கொண்டது.

இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மின்கட்டணம் நல்ல ஆதாரங்கள். இல்லாவிட்டால், ஒரே முகவரிக்கு ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வந்த கடிதங்கள். காலம் முழுவதும் பரவியிருப்பது முக்கியம்: மூன்று மாதத்துக்கு ஒன்று என்று அடுக்குங்கள். கடைசி இரண்டு மாதத்தில் எடுத்த இருபது காகிதங்களும் ஒரு கட்டுப் புகைப்படங்களும் 12 மாதத்தைக் காட்டாது.

கேள்வி: எந்த ஆவணத்தை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில்? எல்லாம் கையில் வருவதற்குள் ஒன்று காலாவதியாகிவிடுகிறது.

காலாவதி ஆகாதவற்றை முதலில் முடியுங்கள்: விவாகரத்துத் தீர்ப்பு, துணைவரின் இறப்புச் சான்றிதழ், பெயர்மாற்ற ஆவணம், அவற்றுக்கான அங்கீகாரம். இவை நீண்ட நாள் பிடிப்பவை, ஆனால் பழசாவதில்லை. பிறப்புச் சான்றிதழ் அடுத்து. பிரான்ஸில் திருமணம் செய்ய, அந்நாட்டில் வாங்கியது என்றால் 3 மாதத்துக்குள்ளும், வெளிநாட்டில் வாங்கியது என்றால் 6 மாதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். மணமாகாதவர் சான்று எப்போதும் கடைசி, ஏனென்றால் அது வாங்கிய நாள் வரைக்கும்தான் பேசுகிறது. டென்மார்க்கில் குடும்பச் சட்ட முகமை தரும் திருமணச் சான்று 4 மாதம்தான் செல்லும், அதற்குள் மணமாகிவிட வேண்டும்.

கெடுவைக் கணக்கிடும்போது சான்றிதழ் தேதியிலிருந்து எண்ணுங்கள். அப்போஸ்டில் தேதியிலிருந்து அல்ல. அப்போஸ்டிலுக்கென்று தனிக் கெடு கிடையாது, ஆனால் அது ஒட்டியிருக்கும் சான்றிதழ் பழசாகிவிட்டால் சேர்ந்தே போய்விடும்.

செப்டம்பர் 20-இல் திருமணம், சான்று 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும், பதிவு அலுவலகம் ஆவணங்களை ஒரு மாதம் முன்பே கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமர்ப்பிக்கும் நாள் ஆகஸ்ட் 20. அன்றைக்குத்தான் பார்ப்பார்களா, திருமண நாளன்றும் 3 மாதத்துக்குள் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். திருமண நாள் என்றால் ஜூன் 20-க்கு முன் வாங்கிய சான்று செல்லாது. ஆக ஜூன் 20-க்கும் ஆகஸ்ட் 20-க்கும் இடையே சான்று, அப்போஸ்டில், கூரியர், மொழிபெயர்ப்பு நான்கும் முடிய வேண்டும். இரண்டு மாதம்தான். மொழிபெயர்ப்பாளரிடம் ஜூலையிலேயே தேதி சொல்லி வைத்துவிடுங்கள். கோடை விடுமுறையில் ஆள் கிடைப்பது கடினம்.

கேள்வி: என் அம்மாவுக்கு, காலமான அப்பா வேலை பார்த்த நாட்டிலிருந்து குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வருடா வருடம் திருமண நிலைப் படிவம் அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு 78 வயது. ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?

மறுமணம் செய்தால் நின்றுபோகும் ஓய்வூதியங்கள் உண்டு. அம்மாவின் வயதைப் பார்த்துக் கேட்பதல்ல அது, பயனாளர் எல்லோருக்கும் போகும் படிவம். அப்பாவின் இறப்புச் சான்றிதழும் அவர்கள் திருமணச் சான்றிதழும் ஒரு தடவை கொடுத்தால் போதும். இந்தப் படிவம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வேண்டும்.

படிவம் வந்த தேதிக்கு முன்பே கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள். யார் சான்றளிக்கலாம் என்று படிவத்தின் பின்பக்கத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மருத்துவரிடமோ வங்கி மேலாளரிடமோ வாங்கினால் திரும்பி வரும். அம்மாவால் வெளியே போக முடியாவிட்டால், வீட்டுக்கு வந்து சான்றளிக்க ஏற்பாடு உண்டா என்று தூதரகத்தில் கேளுங்கள். கை நடுங்கிக் கையெழுத்து மாறிவிட்டால், பழைய மாதிரியே போடச் சொல்லி அவரைச் சிரமப்படுத்த வேண்டாம். சான்றளிப்பவர் ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்று எழுதித் தேதியும் முத்திரையும் போட்டால் பெரும்பாலும் ஏற்பார்கள். கைநாட்டு என்றால் எந்தக் கை, எந்த விரல் என்பதையும் அவர் குறிக்கட்டும். தபாலில் அனுப்பும் முன் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். படிவம் வழியில் தொலைந்து ஓய்வூதியம் நின்றால், உரிய காலத்தில் சான்றளித்ததைக் காட்ட அந்த நகல் உதவும்.